மானுக்குப் பட்டா இல்லை

நீண்ட பதிவு இது. ஒரே அமர்வில் படிக்க இயலாதோர் சேமித்து வைத்துக்கொள்ளலாம். மறுப்போர் முழுவதும் படித்த பின் மறுக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் தில்லியில் இயற்கைவள மேலாண்மை குறித்த கருத்தரங்கு ஒன்றில் அமர்ந்திருந்தேன். அமெரிக்க மாநிலங்களின் மான் வேட்டை விதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்த நண்பர் ஒருவர் இவ்வாறு முடித்தார்: ஒருவர் ஒரு மாநிலத்தில் நிலம் வாங்குகிறார்; ஆண்டுதோறும் வரி செலுத்துகிறார்; அந்நிலத்தில் மேயும் மானுக்குத் தீனியும் ஒதுங்க இடமும் தருகிறார்; ஆயினும் வேறு மாநிலத்தில் வசிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் தம் சொந்த நிலத்திலேயே வேட்டையாட அவருக்கு உரிமம் மறுக்கப்படுகிறது; இது பிரதிநிதித்துவமற்ற வரிவிதிப்பு அன்றி வேறென்ன? அரங்கில் பலர் தலையசைத்தனர். தேநீர் ஆறிவிடும் என்பதற்காகக் கேள்வி நேரம் சுருக்கப்பட்டது. அங்கே சொல்ல இயலாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

தலையசைத்தவர்கள் யார் என்பதே எனக்கு முதல் வியப்பு. ஜமீன்தாரி ஒழிப்பைப் பாடமாகப் படித்தவர்கள், சிலர் அதைப் பாடமாக நடத்துபவர்கள். ஊரில் வாழாத நிலக்கிழார் என்ற சொல்லை இவர்கள் வசைச்சொல்லாகவே கையாளுவர். அதே மனிதர் அட்லாண்டிக்கைத் தாண்டியதும், கையில் வேட்டைத் துப்பாக்கி ஏந்தியதும், அநீதிக்கு ஆளான குடிமகனாகிவிடுகிறார்! செங்கல்பட்டு மிராசு ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு உள்குடி, பரகுடி என்ற பாகுபாடு தெரிந்திருக்கும். அங்கே வெளியிலிருந்து வந்து உழுத பரகுடிக்கு உரிமை குறைவு, மிராசு உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. நண்பர் காட்டிய அமெரிக்கக் காட்சியில் வெளியூர்க்காரர்தான் மிராசுதார். இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்காமல் ‘வெளியாள் ஒதுக்கப்படுகிறார்’ என்று இரங்குவது ஆய்வாளருக்கு அழகன்று.

அயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். நண்பரும் அதையே எடுத்துக்காட்டினார். வெண்வால் மானின் பெருங்கொம்புக்குப் பெயர்பெற்ற மாநிலம் அது. வெளிமாநிலத்தவருக்குக் கொம்புள்ள மானையும் சுட இடந்தரும் உரிமங்கள் ஆண்டுக்கு 6,000 என்று சட்டமே வரம்பிட்டிருக்கிறது. குலுக்கலில் கிடைக்காதவர்கள் முன்னுரிமைப் புள்ளி சேர்த்துக்கொண்டு சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் மொத்தச் செலவு அறுநூறு டாலரைத் தாண்டும்; உள்ளூர்க்காரருக்கோ அதில் மிகச் சிறு பகுதிதான். அயோவாவில் பண்ணை வாங்கிய வெளிமாநிலத்தவரும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அவருக்கென்று சட்டம் செய்துள்ள சலுகை ஒன்று உண்டு: குலுக்கலில் தோற்றால், கொம்பில்லா மானைச் சுடும் உரிமத்தில் முன்னுரிமை, அதுவும் அவர் நிலத்துக்குள் மட்டும்.

நண்பர் இதைக் கூறாமல் விட்டார். கூறியிருந்தால் அவருடைய வாதத்தின் பாதி அங்கேயே விழுந்திருக்கும். பயிரை மான் மேய்கிறது, ஆகவே சுட வேண்டியிருக்கிறது என்பதுதானே நில உடைமையாளர் முன்வைக்கும் முதல் நியாயம்? மான் கூட்டத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பெண்மானைச் சுடுவதால்தான் என்பது வனவிலங்கியலின் அரிச்சுவடி. ஒரு கலைமான் பல பெண்மான்களோடு இணையும். கலைமான்களில் சிலவற்றைக் குறைப்பதால் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. பயிர்ச்சேதம்தான் கவலை என்றால் அதற்கான உரிமத்தில் அவருக்கு முன்னுரிமை ஏற்கெனவே இருக்கிறது. அவர் கேட்பது அதுவன்று. அவர் கேட்பது சுவரில் மாட்டும் கொம்பை.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அயோவாவில் வசிக்கும் விவசாயிகளுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் மான் உரிமம் தரும் பிரிவு ஒன்று அம்மாநிலச் சட்டத்தில் உண்டு. அதில் ‘உரிமையாளர்’ என்று மட்டும் எழுதப்படவில்லை. ‘உரிமையாளர் அல்லது குத்தகையாளர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதாவது சிகாகோவிலோ டாலஸிலோ இருந்துகொண்டு பத்திரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பவருக்குக் கிடைக்காத சலுகை, அதே நிலத்தில் வாழ்ந்து அதைக் குத்தகைக்கு உழுபவருக்குக் கிடைக்கிறது. நம் நாட்டில் பல மாநிலங்கள் குத்தகைச் சட்டங்களில் எழுதிவைத்தும் நடைமுறையில் தோற்ற ஒரு கொள்கையை, அந்தச் சோள வயல் மாநிலம் மான் வேட்டை விதியிலாவது காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘உழுபவருக்கே நிலம்’ என்று முழங்கிய தலைமுறையின் மாணவர்கள் இதைப் பார்த்து மகிழ வேண்டாமா? நாமோ பத்திரத்தின் பக்கம் நின்று தலையசைக்கிறோம்.

இந்தச் சலுகை தங்களுக்கும் உரியது என்று வெளிமாநில நில உடைமையாளர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். 2013இல் அயோவா உச்ச நீதிமன்றம் மாநில நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் நிலம் இருப்பது வேறு, அங்கே குடியிருப்பது வேறு என்பதுதான் அதன் சாரம். நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சட்டமன்றத்தில் பெறும் முயற்சி ஓயவில்லை. வெளிமாநில நில உடைமையாளருக்குக் குலுக்கலின்றி உரிமம் வழங்கும் முன்வரைவுகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. உள்ளூர் வேட்டையர்கள் மீண்டும் மீண்டும் எதிர்க்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, முன்வரைவை முன்னின்று தாங்குவோரின் வாக்கு அந்த மாநிலத்தில் இல்லை என்பதே. வாக்கில்லாதவர் செல்வாக்குப் பெறுவது எவ்வாறு? நிலத்தரகு, வேட்டை ஏற்பாட்டுத் தொழில், தேர்தல் நன்கொடை, பண்ணை அமைப்புகளுடனான உறவு ஆகிய வழிகளில்தான். ஆகவே ‘பிரதிநிதித்துவமற்ற வரிவிதிப்பு’ என்பதைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே நிகழ்வது வாக்குச்சீட்டு இல்லாத பிரதிநிதித்துவம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். நிலவரி அங்கே பெரும்பாலும் பள்ளிக்கும் சாலைக்கும் வட்டார நிர்வாகத்துக்கும் செல்கிறது. வனவிலங்குத் துறையின் முதுகெலும்போ உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் கூட்டரசுத் தீர்வையும்தான். நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அது 11 விழுக்காடு. அத்தொகையை மாநிலங்களுக்குப் பகிரும்போது பார்ப்பது பரப்பளவையும் கட்டணம் செலுத்திய வேட்டையர் எண்ணிக்கையையும். எவர் பெயரில் எத்தனை ஏக்கர் என்பதை அன்று. மானுக்காகப் பணம் தந்தேன் என்பது வாதமானால், நிலமே இல்லாமல் ஆறுநூறு டாலரோடு வரிசையில் நிற்கும் மிச்சிகன் ஆலைத் தொழிலாளி தந்த பணமும் பணமே. அவரை முந்திச் செல்ல நில உடைமையாளரிடம் பணம் என்ற வாதம் உதவாது. எஞ்சுவது நிலம் மட்டுமே: ‘என் மண்ணில் நிற்கும் விலங்கு என்னுடையது.’

இது புதிய கருத்தன்று. மிகப் பழைய கருத்து. 1671ஆம் ஆண்டின் ஆங்கிலேய வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலம் உடையவரே முயலையும் கவுதாரியையும் வேட்டையாடலாம் என்றது. அக்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குக்கு நாற்பது ஷில்லிங் வருவாயுள்ள நிலம் போதும். ஒரு கவுதாரியைக் கொல்ல, வாக்களிப்பதற்கு வேண்டியதைப்போல் ஐம்பது மடங்கு சொத்து வேண்டும் என்று பிளாக்ஸ்டன் ஏளனம் செய்தது இதைத்தான். மானுக்கோ தனிக் கொடுமை. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுவதைத் தூக்குக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டம் யாருடைய பூங்காக்களைக் காக்கப் பிறந்தது என்பதை இ. பி. தாம்சன் ஒரு முழு நூலாகவே எழுதினார். சொத்துத் தகுதி 1831 வரை நீடித்தது. அமெரிக்க வனவிலங்குச் சட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை, இந்த மரபை உதறியெறிந்த கதைதான்: மான் மன்னருடையதும் அன்று, நிலக்கிழாருடையதும் அன்று, மக்கள் அனைவருக்காகவும் அரசு அதைப் பொறுப்பேற்றுக் காக்கிறது.

இப்போது மொன்டானாவுக்கு வருவோம். 2023இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிமாநிலத்தவருக்கான பெருவிலங்குக் கூட்டு உரிமங்களில் ஒரு பகுதி, அங்கே 2,500 ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வைத்திருக்கும் வெளிமாநிலத்தவருக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. நூறு பவுண்டுக்குப் பதில் 2,500 ஏக்கர். 352 ஆண்டுகள் கழித்துச் சொத்துத் தகுதி பெயர் மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இம்முறை அதன் பெயர் ‘நில உடைமையாளர் ஊக்குவிப்பு’. நியூ மெக்சிகோவில் எல்க் மான் உரிமத்துக்கான அனுமதிச் சீட்டை நில உடைமையாளர் பெற்று வேட்டையருக்கு விற்கலாம். கொலராடோவிலும் யூட்டாவிலும் இதன் வேறு வடிவங்கள் உள்ளன. பொதுச்சொத்தைச் சுடும் அனுமதி, தனியாரின் விற்பனைப் பொருளாகிறது.

விஸ்கான்சினையும் மறக்கலாகாது. 2011இல் அம்மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், மான் மேலாண்மையை மதிப்பிட ஜேம்ஸ் க்ரோல் என்ற டெக்சஸ் வல்லுநரை அமர்த்தினார். வேலியிட்ட தனியார் பண்ணைகளும் குத்தகை வேட்டையும் ஓங்கிய மாநிலம் டெக்சஸ். வேட்டை விலங்கு மேலாண்மையைப் பொதுவுடைமையின் கடைசிக் கோட்டை என்று அவர் முன்னரே ஓர் இதழாளரிடம் கூறியிருந்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. நேர்மையான மனிதர் என்றே நான் கருதுகிறேன். நம் கருத்தரங்குகளில் ‘பங்கேற்பு’, ‘ஊக்கத்தொகை’ என்று பூசி மெழுகுவதை அவர் ஒரே தொடரில் சொல்லிவிட்டார்.

நில உடைமையாளரின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதை விலக்கிவிட்டு வெற்றி கொண்டாட விரும்பவில்லை. அயோவாவின் நிலம் ஏறத்தாழ முழுவதும் தனியாருடையது. காட்டையும் புதரையும் அழித்துச் சோளம் போடாமல் மானுக்கென விட்டுவைப்பவர் பலர் வெளிமாநிலத்தவர். அவருக்கு ஆர்வம் குன்றினால் மரங்கள் வெட்டப்படும். மான் மட்டுமன்று, பறவையும் போகும். இது உண்மை. ஆனால் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. அந்தப் பெருங்கொம்பு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து மட்டுமா? அயோவாவில் துப்பாக்கிப் பருவத்தின் பெரும்பகுதி, மான்கள் இணைசேரும் காலத்தின் உச்சம் கடந்த பின், டிசம்பரில் வருகிறது. இணைதேடி எச்சரிக்கையின்றி அலையும் நவம்பர் வாரங்களில் கலைமான் பெரும்பாலும் வில்லுக்கு மட்டுமே அஞ்ச வேண்டும். தொலைதூரம் பாயும் வேட்டை ரைஃபிளுக்கும் அங்கே நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு. வெளிமாநிலத்தவர் எண்ணிக்கைக்கு வரம்பு. இத்தனை கட்டுப்பாடுகளையும் ஏற்று, இளங்கலைமானை வளரவிட்டவர்கள் உள்ளூர் வேட்டையர்கள். அவர்களுடைய பொறுமை கொம்பாக வளர்ந்தது. கொம்பு நிலவிலையில் ஏறியது. ஏறிய விலையை நிலம் வாங்கியவர் தம் முதலீட்டின் பலன் என்கிறார். 1879லேயே ஹென்றி ஜார்ஜ் ‘வளர்ச்சியும் வறுமையும்’ நூலில் உழைக்காமல் வரும் நிலமதிப்பு உயர்வைப் பற்றி எழுதியது இதைப் போன்றதையே. இதில் ஒரு நகைமுரணும் உண்டு. வரம்பைத் தளர்த்தினால், தளர்த்தச் சொன்னவரின் கொம்பே சிறுத்துப்போகும். ஆகவே அவர் வரம்பை நீக்கச் சொல்வதில்லை. வரம்பு அனைவருக்கும் இருக்கட்டும், தமக்கு மட்டும் ஒரு பக்கவாயில் வேண்டும் என்கிறார்.

மேலும், நில உடைமையாளரிடம் ஓர் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது: தம் நிலத்துக்குள் எவரும் நுழையாமல் தடுக்கும் அதிகாரம். உள்ளூர்ப் பையன் தன் தாத்தா காலத்திலிருந்து வேட்டையாடிய ஓடைக்கரைக்கு ஒரு நாள் ‘அத்துமீறி நுழையாதீர்’ பலகை வருகிறது. மான் பொதுவுடைமை, அதை அடையும் வழி தனியுடைமை. இந்த முதல் அதிகாரத்தை எவரும் பறிக்கவில்லை. அதன்மேல் விதிகளை வளைக்கும் இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்தால், பொதுவுடைமை என்ற சொல் சட்டநூலின் முகப்பில் மட்டும் எஞ்சும். முதல் அதிகாரமே எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு வயோமிங் சாட்சி. எல்க் மலைப் பகுதியில் ஒரு பெரும்பண்ணை. உரிமையாளர் வட கரோலினாவைச் சேர்ந்தவர். சதுரங்கப் பலகைபோல் பொதுநிலமும் தனிநிலமும் மாறி மாறி அமைந்த இடம். மிசூரியிலிருந்து வந்த வேட்டையர் நால்வர், இரு பொதுநிலக் கட்டங்கள் முனையோடு முனை தொடும் புள்ளியில் ஏணி வைத்துக் கடந்தார்கள். தனிநிலத்தில் காலே படவில்லை. தனிநிலத்தின் மேலுள்ள வானவெளியை மீறினார்கள் என்று வழக்கு! இழப்பீடாகக் கோரியது எழுபது இலட்சம் டாலருக்கு மேல். 1885ஆம் ஆண்டின் வேலியடைப்புத் தடைச் சட்டத்தைத் தூசுதட்டி, 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டையருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: இருதரப்பினருமே வெளிமாநிலத்தவர். ஆகவே இது உள்ளூர், வெளியூர்ச் சண்டை என்று எளிமையாக்குவோர் பிழைபடுகிறார்கள். நிலம் உள்ள வெளியாளுக்கும் நிலமற்ற வெளியாளுக்கும் இடையிலான தொலைவே பெரிது.

இனி எதிர்பார்க்கக்கூடிய கேள்வி. ‘வேலைவாய்ப்பில் மண்ணின் மைந்தர் ஒதுக்கீட்டை எதிர்த்து எழுதியவர் அல்லவா நீங்கள்? தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் நீக்கியபோது மகிழ்ந்தீர்களே. மானுக்கு மட்டும் மாநில எல்லை இனிக்கிறதோ?’ நியாயமான கேள்வி. இதற்கான விடையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு மாத இடைவெளியில் தந்துவிட்டது. 1978 மே மாதம் பால்ட்வின் வழக்கு. மொன்டானாவில் 1976ஆம் ஆண்டு உள்ளூர்க்காரர் எல்க் உரிமத்தை 9 டாலருக்கு வாங்கலாம். வெளியூர்க்காரர் 225 டாலருக்குக் கூட்டு உரிமம் வாங்கியே தீர வேண்டும். இந்த வேறுபாடு செல்லும் என்றது நீதிமன்றம்: பொழுதுபோக்கு வேட்டை, நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு இன்றியமையாத உரிமைகளுள் ஒன்றன்று. அடுத்த மாதமே, எண்ணெய், எரிவாயு வேலைகளில் உள்ளூராருக்கு முன்னுரிமை தந்த அலாஸ்காவின் சட்டத்தை அதே நீதிமன்றம் நீக்கியது. 1948இலேயே, வெளிமாநில இறால் மீனவரிடம் படகொன்றுக்கு 2,500 டாலரும் உள்ளூராரிடம் 25 டாலரும் கேட்ட தென் கரோலினாவின் சட்டமும் நீக்கப்பட்டிருந்தது. பிழைப்புக்காக எல்லை கடப்பவரைத் தடுக்கலாகாது; பொழுதுபோக்குக்காகக் கடப்பவரை வரிசையில் நிற்கச் சொல்லலாம். பீகாரிலிருந்து குருகிராமத்துக்கு வரும் இளைஞரையும் அயோவாவில் கொம்பு தேடும் முதலீட்டாளரையும் ஒரே தட்டில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது. பால்ட்வின் தீர்ப்பில் பிரென்னன் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். அந்த மாறுபட்ட தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உள்ளூர்ச் சலுகை பலவேளைகளில் வெறும் தன்னலமே என்பதை நானும் மறுக்கவில்லை.

இதற்கிடையே ஒரு சிறு செய்தி. 2002இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், அரிசோனா வெளிமாநிலத்தவருக்கு இட்ட 10 விழுக்காட்டு வரம்பு மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைத் தடுக்கிறது என ஐயுற்றது. உடனே காங்கிரஸ் 2005இல், இவ்வகை வேறுபாட்டை மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமியற்றியது. எந்தச் சட்டத்தோடு ஒட்டவைத்து? ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் அவசர நிதி ஒதுக்கிய சட்டத்தோடு. நம் கடற்கரைகளைச் சூறையாடிய அதே சுனாமிதான். அயோவா மானின் சட்டக் காவல் அந்தப் பக்கங்களுக்கிடையே படுத்திருக்கிறது.

‘மான் மாநில மக்களுடையது’ என்ற கொள்கையையும் நான் தூய்மையானதென்று கொள்ளவில்லை. அதன் பிறப்புச் சான்றிதழில் கறை இருக்கிறது. வேட்டை விலங்கு மாநில மக்களின் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் உரத்துச் சொன்ன கீர் வழக்கு 1896 மார்ச்சில். அதே ஆண்டு மே மாதம், அதே நீதிபதி வொய்ட் எழுதிய இன்னொரு தீர்ப்பு: ஏழு எல்க் மான்களைக் கொன்றதற்காகப் பிடிக்கப்பட்ட பானக் பழங்குடி ஒருவர், எங்கள் முன்னோருக்கு ஒப்பந்தத்தில் எழுதித் தந்த வேட்டை உரிமை இது என்றார், வயோமிங் மாநிலமானபோதே அந்த உரிமை மறைந்துவிட்டது என்றது நீதிமன்றம். ‘மக்கள்’ யார் என்பதை இரண்டாம் தீர்ப்பு தெளிவாக்கியது. பிற்காலத்தில் கீர் தீர்ப்பு 1979இல் தள்ளப்பட்டது. இரண்டாவது வெளிப்படையாகத் தள்ளப்பட 2019 வரை ஆயிற்று. 2014இல் மொன்டானாவிலுள்ள க்ரோ பழங்குடி நிலத்திலிருந்து புறப்பட்ட கிளேவின் ஹெரேரா என்பவர், எல்க் மான்களைத் தொடர்ந்து எல்லை தாண்டி வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் சென்று வேட்டையாடினார். பருவமல்லாக் காலத்தில், மாநில உரிமமின்றி வேட்டையாடியதாக வழக்கு. 1868ஆம் ஆண்டின் ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது, வயோமிங் மாநிலமானதால் அது சாகவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில்தான் கருத்தரங்க நண்பரோடு எனக்குள்ள பிணக்கு முற்றுகிறது. ஹெரேராவும் வயோமிங் சட்டப்படி ‘வெளிமாநிலத்தவர்’. அவரிடம் அங்கே ஓர் ஏக்கருக்கும் பத்திரம் இல்லை. வெளிமாநிலத்தவரின் உரிமை என்று பேசத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் அவர். நாற்பது நிமிடக் கட்டுரையில் அவர் பெயர் ஒருமுறையும் வரவில்லை. 2,500 ஏக்கர் மூன்றுமுறை வந்தது.

ஏன் இதை இந்தியாவில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்று கேட்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று நம்மிடம் விளையாட்டு வேட்டை இல்லை. உரிமமும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஆயினும் யார் முடிவெடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. 2015 முடிவில் பீகாரில் நீலான் தீங்குவிலங்காக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மொகாமாவில் சுடுவதற்கு வெளியூரிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் அழைத்துவரப்பட்டார்கள். மத்திய அமைச்சர்கள் இருவர் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். 2022இல் கேரளம் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. குறைகள் பல இருக்கலாம். ஆனால் அதிகாரம் சென்றது தேர்தலில் தோற்கடிக்கப்படக்கூடிய ஒருவரிடம். இப்போது, ‘வட அமெரிக்க மாதிரி’ என்ற பெயரில், நில உடைமையாளருக்கு விலங்கின் மீது பொருளாதார உரிமை தந்தால்தான் காடு தப்பும் என்னும் கொள்கை நம் பாடத்திட்டங்களுக்குள் மெல்ல நுழைகிறது. அந்த மாதிரியின் முதல் விதி, வனவிலங்கு பொதுச்சொத்து என்பது. அதைப் பாடநூலின் முகப்பில் அச்சிட்டுவிட்டு, அதை அரித்துக்கொண்டிருக்கும் விதிவிலக்குகளைச் சிறந்த நடைமுறை என்று இறக்குமதி செய்கிறோம். விதர்பாவிலோ மேற்குத் தொடர்ச்சி மலையிலோ காட்டோரம் நிலம் வாங்கி ஓய்வில்லம் கட்டுவோர் இன்று யார், அவர்கள் எந்த நகரத்தில் வாழ்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த இறக்குமதியின் பயனாளியைத் தேடி அயோவாவுக்குப் போக வேண்டியதில்லை.

நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று அறிவேன். அவர் கட்டுரையின் அச்சுப்படி என் மேசைமேல் இருக்கிறது. குத்தகையாளர் என்ற சொல் அயோவா சட்டத்தில் இருப்பதை ஓர் அடிக்குறிப்பிலாவது அவர் சேர்த்தால் போதும், மீதியைப் பின்னூட்டத்தில் சண்டையிட்டுக்கொள்ளலாம். அயோவா சட்டமன்றம் ஜனவரியில் கூடும். அந்த முன்வரைவு ஏதேனும் ஓர் எண்ணோடு மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.